டொரொன்டோவுக்கு எத்தனை டிக்கெட்?

கேள்வி

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது அறுபத்தாறு. மன்னார் உப்புக்குளத்தில் தனியே இருக்கிறேன். மகள் டொரொன்டோவில். முதல் பிள்ளை கிடைத்து நாலு மாதமாகிறது. சுப்பர் விசா வந்துவிட்டது, இனி டிக்கெட் போட வேண்டியதுதான். நான் இதுவரை பிளேனில் ஏறியதில்லை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறேன். முழங்கால் வருத்தமும் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் நடந்தால் உட்கார இடம் தேடுவேன்.

வீட்டில் மூன்று யோசனை ஓடுகிறது. மருமகன் சொல்வது: கொழும்பிலிருந்து துபாய், அங்கே மாறி டொரொன்டோ. அதிலும் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் ஒன்றே முக்கால் மணித்தியால இடைவெளி, மற்றதில் நாலரை மணித்தியாலம். லண்டனில் இருக்கும் என் தம்பி சொல்வது: கொழும்பிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் வா, எயார்போட்டில் உன்னைப் பார்த்துவிட்டு நானே அடுத்த பிளேனுக்கு ஏற்றிவிடுகிறேன், அந்த டிக்கெட்டை நான் தனியாக எடுக்கிறேன். அப்படிச் செய்தால் அறுபதாயிரம் ரூபா குறைகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகன் சொல்வது: கட்டுநாயக்காவுக்கு ஏன் அலைய வேண்டும், பலாலி கிட்டத்தானே, சென்னைக்குப் போய் அங்கிருந்து போகலாம்.

இதற்கிடையில் முகவர், துபாய் வழியைக் காட்டி, "இது டைரக்ட் பிளைட் அம்மா, பயப்படாதீங்க" என்கிறார். ஆனால் அவர் தந்த தாளில் இரண்டு விமான இலக்கங்கள் இருக்கின்றன. எனக்கு எது நல்லது? கொஞ்சம் கருவாடும் கொண்டுபோகலாமா?

– வாசகி, உப்புக்குளம், மன்னார்

பதில்

டீச்சர், தாளில் இரண்டு இலக்கங்களைக் கண்டதும் உங்களுக்குச் சந்தேகம் வந்ததே, அது சரியான சந்தேகம். இரண்டு இலக்கம் இருந்தால் அது டைரக்ட் இல்லை. முகவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். "ஒரே ஏற்பாட்டில் போய்ச் சேருவீர்கள்" என்பதை அந்தச் சொல்லால் சொல்லிப் பழகிவிட்டார். டிக்கெட் போடும் எங்கள் தொழிலில் அவ்வளவு தேய்ந்த சொல் வேறில்லை.

மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் பஸ் என்கிறோம். ஆனாலும் வழியில் தேத்தண்ணிக்கு நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். நீங்கள் உங்கள் இருக்கையில் நித்திரையாக இருக்கலாம். டைரக்ட் விமானம் அதுதான்: இலக்கம் ஒன்று, வழியில் ஓரிடத்தில் இறங்கி எழும்பலாம். எண்பதுகளில் எயார் லங்காவின் லண்டன் விமானம் ஒன்று கட்விக்கில் புறப்பட்டு, சூரிச்சில் இறங்கி, துபாயில் இறங்கி, கொழும்புக்கு வந்து, பிறகு மாலைதீவுக்கும் போகும். லண்டனில் ஏறிய ஆள் அதை டைரக்ட் என்றால் தப்பில்லை. 2013இல் துருக்கி விமான நிறுவனம் கொழும்புக்கு வரத் தொடங்கியபோதும் இஸ்தான்புல்லிலிருந்து மாலே வழியாகத்தான் வந்தது. வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இலக்கத்தை மாற்றாமல் இடையில் விமானத்தையே மாற்றி ஏற்றுவதும் உண்டு. ஆகவே டைரக்ட் என்று யாராவது சொன்னால், "எங்கே இறங்கும், நான் இறங்க வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

எழும்பிய இடத்திலிருந்து சேரும் இடம் வரை எங்கும் தரை தொடாமல் பறப்பது நொன்ஸ்டொப். வவுனியாவில் இறங்கி வேறு பஸ் பிடிப்பது போல, விமானம் மாறி ஏறுவது கனெக்டிங். எங்கள் ஆட்கள் வாயில் அது டிரான்சிட்.

கொழும்பிலிருந்து டொரொன்டோவுக்கு நொன்ஸ்டொப் கிடையாது. தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். அந்தத் தூரம் பறக்க விமானம் இல்லாமலில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,000 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள். கொழும்பிலிருந்து அப்படிப் பறந்தால் இருக்கைகளை நிரப்ப ஆள் வேண்டும், அதுதான் கணக்கு. நொன்ஸ்டொப் என்று டிக்கெட்டில் இருந்தாலும் அது கல்லில் எழுதியதல்ல. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்கு நிற்காமல் போய்வந்த விமானங்கள் சில வியன்னாவில் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டிவந்தது.

ஆக, நீங்கள் எப்படியும் ஓரிடத்தில் மாறத்தான் வேண்டும். மாறும் இடத்தில் ஏதாவது பிசகினால் உங்களுக்குப் பொறுப்பு யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது எத்தனை டிக்கெட் என்பதில் இருக்கிறது.

இதை மன்னார்க்காரருக்கு நான் விளக்குவதே ஒரு வேடிக்கை. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் மன்னார் வழியாக ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி ரயிலுக்கு மாறிக் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேருவார்கள். இரண்டு நாடு, இரண்டு ரயில், நடுவில் கப்பல். ஆனால் எழும்பூரில் வாங்கும் டிக்கெட் ஒன்றே. கடல் கொந்தளித்துக் கப்பல் பிந்தினால் அது பயணியின் குற்றமாகாது. வழியில் சோதனையும் அன்றே இருந்தது: மண்டபம் முகாமில் தோட்ட வேலைக்கு வந்தவர்களை மறித்து வைத்துச் சோதித்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. உங்கள் வயதுக்காரருக்கு இராமானுஜம் கப்பல் நினைவிருக்கும்.

தம்பி சொல்லும் லண்டன் யோசனையில் இல்லாதது அந்த ஒற்றை டிக்கெட்தான். கொழும்பு–லண்டன் ஒரு டிக்கெட், லண்டன்–டொரொன்டோ வேறு டிக்கெட் என்றால், முதல் விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தி இறங்கினாலும் இரண்டாம் நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் போச்சு.

நான் வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடம் டிக்கெட் மேசையில் இருந்தவன். தொடக்க காலத்தில், காசு மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு பெரியவருக்கு இப்படி இரண்டு டிக்கெட்டாகப் போட்டுக் கொடுத்தேன். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் மூடுபனி. முதல் விமானம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. மனிதர் ஆங்கிலம் தெரியாமல் இரவு முழுக்க வாங்கில் உட்கார்ந்திருந்திருக்கிறார். விடியற்காலையில் மகன் கடன் அட்டையில் புது டிக்கெட் எடுத்த விலை, நான் மிச்சம் பிடித்துக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு. அவர் திரும்பி வந்து என்னை ஏசவில்லை. கடைக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "தம்பி, இனி யாருக்கும் இப்பிடிப் போடாதையும்" என்றார். நான் போடுவதில்லை.

லண்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் உங்கள் சூட்கேசை லண்டனிலேயே எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு நீங்கள் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்துக்குள் நுழைய விசா வேண்டும். கனடா விசா வைத்திருப்பவர்கள் கனடாவுக்குப் போகும் வழியில் விசா இல்லாமல் கடந்துபோக அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதை அனுமதிப்பது மேசையில் இருக்கும் அதிகாரியின் கையில். அதற்கு முன்னால் கட்டுநாயக்கா கவுண்டரில் இருக்கும் பிள்ளையும் அதை ஒப்புக்கொண்டுதான் உங்களை ஏற்ற வேண்டும். முதல் பயணத்தில் இந்த வாதம் உங்களுக்கு எதற்கு? பாரிஸ், பிராங்போர்ட் என்று யாராவது மலிவாகக் காட்டினாலும் அங்கேயும் ஒரு பட்டியல் இருக்கிறது. விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் டிரான்சிட் விசா கேட்கும் நாடுகளின் பட்டியல், அதில் இலங்கையும் ஒன்று. செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் விலக்கு உண்டு. விதிகள் மாறும், ஆகவே காசு கட்டும் நாளில் ஒருதரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லண்டன் வழியில் ஒரு நன்மை இருப்பதை மறைக்கக் கூடாது. கொழும்பிலிருந்து லண்டன் பதினொரு மணித்தியாலம், அங்கிருந்து டொரொன்டோ எட்டு. துபாய் வழியில் முதலில் நாலரை, ஐந்து, அப்புறம் ஒரே இருப்பாகப் பதினாலு. முழங்காலுக்கு முதலாவது பங்கீடுதான் நல்லது. கொழும்பு–லண்டன்–டொரொன்டோ ஒரே டிக்கெட்டாக, கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் எடுக்கலாம். தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட நிற்க முடியாது, அவ்வளவுதான். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் முறையாக இங்கிலாந்து விசா எடுத்து, திரும்பும்போது நாலு நாள் தங்கி வாருங்கள். டிக்கெட் போடும்போதே அதைச் சொல்லிப் போட வேண்டும். போட்டபின் இடையில் இறங்கி நின்றுவிட்டால் மிச்சப் பயணம் ரத்தாகிவிடும்.

மகனுடைய பலாலி யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பூநகரி வீதியால் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னை விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது, 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்து சேர்ந்தது. ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. சென்னைக்குக் கண் காட்டப் போகிறவர்களுக்கும் கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதைவிட வசதி கிடையாது. ஆனால் அது ஏடிஆர் 72 என்ற சிறிய காற்றாடி விமானம். கனடாப் பயணத்துக்குக் கட்டும் பொதிக்கு அங்கே இடம் குறைவு. சென்னையிலிருந்து போகும் விமானம் வேறு டிக்கெட் என்றால், இந்திய விசா, பொதியை எடுத்து மறுபடி ஒப்படைப்பது என்று லண்டனில் சொன்ன கதை முழுக்கத் திரும்பவும் வரும். கார்த்திகை, மார்கழி மழையில் பலாலி விமானம் ஒரு நாள் வராவிட்டால் டொரொன்டோ டிக்கெட் காற்றில். மகனிடம் சொல்லுங்கள், அடுத்த முறை திருச்செந்தூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போகும்போது அவர் சொன்ன வழியாகவே போகலாம் என்று.

ஆகவே மருமகன் பக்கம் நிற்கிறேன். ஆனால் ஒன்றே முக்கால் மணித்தியால இடைவெளியை எடுக்க வேண்டாம். டிக்கெட் விற்கும் கணினி அதை ஏற்கும், ஏனென்றால் ஓடக்கூடிய ஆளை வைத்துத்தான் அந்தக் கணக்கு. உங்களுக்கு வீல்செயார் கேட்கப்போகிறோம். வீல்செயார்காரர் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்கப்படுவார். எல்லோரும் இறங்கி முடிய அரை மணித்தியாலம், தள்ளுகிற பிள்ளை வந்து சேர இன்னும் கொஞ்சம், பிறகு மறுபடி பாதுகாப்புச் சோதனை, சில வேளை வேறு கட்டடத்துக்கு உள் ரயில். அடுத்த விமானத்தின் கதவைப் புறப்படும் நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். நாலரை மணித்தியாலம் உங்களுக்கு அளவான இடைவெளி. கால் நீட்டலாம், சாப்பிட்டு மருந்து போடலாம், மகளோடு போனில் கதைக்கலாம்.

வீல்செயாருக்குக் காசு இல்லை. வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நடக்கத் தெரிந்த எத்தனையோ அம்மாமார் மொழிக்காகவே அதைக் கேட்கிறார்கள். டிக்கெட் போடும்போதே எழுதிவிடச் சொல்லுங்கள், கடைசி இரண்டு நாளுக்கு விட வேண்டாம். "படி ஏற முடியாது" என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், இருக்கை வரை தூக்க வேண்டியவர் என்று அவர்களிடம் மூன்று குறியீடு இருக்கிறது. தப்பாக எழுதினால் விமானப் படிக்கட்டின் அடியில் உங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகவர் தரும் தாளில் ஆறு எழுத்தில் ஒரு பதிவு இலக்கம் இருக்கும். அதை நம்ப வேண்டாம், இரண்டு டிக்கெட்டையும் ஒரே தாளில் அச்சடித்துத் தரலாம். பதின்மூன்று இலக்கத்தில் ஒரு நீள எண் இருக்கும், அதுதான் டிக்கெட். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் அடையாளம். ஸ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் என்றால் 176, கட்டார் என்றால் 157. போகும் இரண்டு விமானமும் வரும் இரண்டு விமானமும் இந்த ஒரே எண்ணின் கீழ் இருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் நாலு துண்டு அடங்கும், உங்கள் பயணமும் சரியாக நாலு துண்டு. இரண்டு வெவ்வேறு எண்ணைக் கண்டால் தாளைத் திருப்பிக் கொடுத்து ஏன் என்று கேளுங்கள். இத்தனை வருடம் பிள்ளைகளின் கொப்பி பார்த்த கண், இது பெரிய வேலையா?

ஒரே டிக்கெட் இருந்தாலும் பிசகுகள் வரும். 2024 ஏப்ரல் 16இல் துபாயில் கொட்டிய மழையில் விமான நிலையமே குளமாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பக்கத்துத் துணை மின் நிலையம் தீப்பற்றியதால் 2025 மார்ச் 21இல் லண்டன் ஹீத்ரோ ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்தது. எந்த ஊர் பாதுகாப்பு என்று பார்த்து முடிவெடுக்க முடியாது. அப்படி மாட்டிக்கொண்டவர்களிலும் ஒரே டிக்கெட்காரருக்கு அடுத்த இருக்கை தேடித்தரும் கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. இரண்டு டிக்கெட்காரர் தனக்குத் தானேதான் துணை.

இன்சுலினைச் சூட்கேசில் வைக்கவே கூடாது. கீழே பொதி அறையின் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில், மருத்துவரின் கடிதத்தோடு. மன்னார் கிளினிக்கில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டொரொன்டோ நேரம் கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் போனால் அந்த நாள் உங்களுக்கு முப்பத்துமூன்றரை மணித்தியாலம் நீளும். ஊசியை எப்போது, எவ்வளவு என்று அவர்கள் எழுதித் தர வேண்டும், நான் சொல்லக் கூடாது. கால் விஷயத்தில் மட்டும் ஒன்று. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தவர்களில் ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒருவருக்குக் காலில் இரத்தம் கட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் கணக்குச் சொன்னது. பயப்படும் எண்ணிக்கை இல்லை, ஆனால் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கி, மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பிக் கழிப்பறை வரை போய் வாருங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் பயமுள்ள இடம் துபாய் இல்லை, மன்னாருக்கும் கட்டுநாயக்காவுக்கும் நடுவே உள்ள வீதி. அந்தத் துண்டு எந்த டிக்கெட்டிலும் இல்லை. பஸ் பழுதானால், மதவாச்சி வீதியில் வெள்ளம் ஏறினால், யாரும் உங்களுக்கு மாற்று இருக்கை தரமாட்டார்கள். முதல் நாளே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். புத்தளம், சிலாபம் வழியாக வருகிற பஸ் கொழும்புக்கு முன்பே அந்தப் பக்கத்தைத் தொடுகிறது, கோட்டை வரை போய்த் திரும்பத் தேவையில்லை.

கவுண்டரில் சூட்கேசைத் தராசில் வைத்ததும் கைப்பிடியில் நீளமாக ஒரு வெள்ளைத் தாள் சுற்றுவார்கள். அதைச் சுற்றுமுன் பாருங்கள். மூன்று மூன்று ஆங்கில எழுத்தாக ஊர்கள் இருக்கும்: டி.எக்ஸ்.பி துபாய், வை.வை.இசட் டொரொன்டோ. கடைசி ஊர் பெரிய எழுத்தில் வை.வை.இசட் என்று இருந்தால் பொதி உங்களோடு வருகிறது, துபாயில் தேட வேண்டாம். டி.எக்ஸ்.பி என்று மட்டும் இருந்தால் அங்கேயே நின்று, "டொரொன்டோ வரை" என்று சொல்லுங்கள். இரண்டு போர்டிங் பாசும் கையில் வந்தபின்தான் கவுண்டரை விட்டு நகர வேண்டும்.

கருவாடு கொண்டுபோகலாம். கனடாவில் இறங்கியதும் உணவு இருக்கிறதா என்று கேட்பார்கள், "ஆம், காய்ந்த மீன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் பிடிபட்டால்தான் அபராதம். சூட்கேசில்தான் வைக்க வேண்டும், நாலு பொலித்தீன் உறை போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி. சம்பல் போத்தலையும் நல்லெண்ணெயையும் கைப்பையில் வைத்தீர்களென்றால் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். பனங்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், சீனி இறங்கினால் உதவும்.